குதிரையின் தோளுக்கு ஓர் அளவு: ஜட்கா ஓட்டும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழனியிலும் மற்ற ஊர்களிலும் குதிரை வண்டி ஓட்டி ஜீவனம் நடத்தும் அன்பர்களுக்கும், அவர்களுக்குச் சேணம் தைத்துக் கொடுக்கும் தொழிலாளத் தோழர்களுக்கும்,

குதிரைகளின் நோய்க்கு மருந்து கட்டுவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டிருந்தவன் என்னும் சிறிய உரிமையை முன்னிட்டு இம்மடலை உங்களுக்கு எழுதத் துணிகிறேன். சிகிச்சைக்கென்று என்னிடம் கொண்டுவரப்பட்ட வண்டிக் குதிரைகளுள் மிகப் பல, தோளில் ஆறாத புண்ணோடும், பிடரியடியில் வீக்கத்தோடும், வாயோரத்தில் வெடிப்போடும், முதுகெலும்பின்மேல் மயிருதிர்ந்த தழும்போடும் வந்தன. காரணம் யாதென்று வினவினால், பாரத்தையும் பாதையையும் வெயிலையும் சொல்லுவார்களேயொழிய, அந்தக் குதிரையின்மேல் கிடந்த சேணம் எந்தக் குதிரையின் உடலுக்காகத் தைக்கப்பட்டது என்று எண்ணிப் பார்த்தவர் அரிதாகவே இருந்தனர். சந்தையில் குதிரையோடு சேர்ந்து வந்த சேணம், இறந்துபோன குதிரையிடமிருந்து மிஞ்சிய சேணம், பக்கத்து வண்டிக்காரர் தொழிலை விட்டபோது மலிவாகக் கொடுத்த சேணம் என்று இவ்வாறெல்லாம் கைமாறி வந்த தோல்வார்கள், தமக்குச் சற்றும் பொருந்தாத ஓர் உடலின்மேல் நாள் முழுதும் உராய்ந்துகொண்டிருந்ததே அப்புண்களுட் பெரும்பாலானவற்றுக்கு மூலகாரணம் என்பதை நான் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறேன்.

உங்களைக் குற்றஞ் சாட்டும் எண்ணம் எனக்கு எள்ளளவும் இல்லை. தாம் உண்பதற்கு முன் குதிரைக்குக் கொள்ளு வேகிறதா என்று பார்க்கிறவர்களையும், மழை இரவில் லாயத்தின் கூரை ஒழுகும் மூலையில் தாம் நின்றுகொண்டு குதிரையை உலர்ந்த இடத்தில் கட்டுகிறவர்களையும் உங்களிடையே நான் அறிவேன். குறைவு அன்பில் நேர்ந்ததன்று. தகப்பனிடமிருந்து மகனுக்கும், சேணக்காரரிடமிருந்து வண்டிக்காரருக்கும் வாய்மொழியாகவே வந்துகொண்டிருந்த ஒரு சாஸ்திரம், வண்டிகள் குறைந்து, ஆட்டோக்கள் பெருகி, சேணம் தைப்போர் வேறு தொழிலுக்குப் போய்விட்ட இந்நாளில் இடையறுந்து போனதால் நேர்ந்தது. அந்தச் சாஸ்திரம் அரை மணி நேரத்தில் செய்து முடிக்கக்கூடிய ஒரு காரியத்தில் அடங்கியிருக்கிறது. குதிரையைச் சமதரையில் நிறுத்தி அளவெடுப்பதே அந்தக் காரியம். அதை எப்படிச் செய்வது, ஏன் அப்படிச் செய்வது என்பவற்றை என்னால் இயன்ற அளவு தெளிவாக எழுதுகிறேன்.

முதலாவதாக, குதிரை எவ்வாறு பாரம் இழுக்கிறது என்பதை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னங்கால்களால் தரையை உதைத்து, அவ்வுதையின் விசையை முதுகின் வழியாக முன்னுக்குச் செலுத்தி, எதிரே குறுக்கிட்டிருக்கும் தோலின்மேல் தன் தோள்களைச் சாய்த்து அழுத்துவதே குதிரையின் இழுப்பு. ஆகையால் வண்டியும் அதிலுள்ள ஜனங்களும் மூட்டைகளும் சேர்ந்த அத்தனை பாரத்தையும் அசைக்கும் விசை முழுவதும், புறப்படும் அந்தக் கணத்தில், இரு தோள்களிலும் கையகலமுள்ள இரண்டு இடங்களில் வந்து விழுகிறது. அந்தத் தோளோ மனிதனுடைய தோளைப் போன்றதன்று. நமக்குள்ள காறையெலும்பு குதிரைக்கு இல்லை. அதன் தோட்பட்டை எலும்பு, மார்புக்கூட்டோடு எலும்பால் இணைக்கப்படாமல், தசைகளாலும் நார்களாலுமே தாங்கப்பட்டு, ஒவ்வோர் அடியிலும் முன்னும் பின்னுமாக வழுக்கிச் செல்லும் இயல்புடையது. அப்படி இடைவிடாது அசையும் எலும்புக்கும் அசையாது அழுத்தும் வாருக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டிருப்பது தோல் ஒன்றுதான். வார் தனக்குரிய இடத்தில் பரவலாக அமைந்திருந்தால் அத்தோல் வருஷக்கணக்கில் பழுதின்றி இருக்கும். ஒரு விரற்கடை விலகியிருந்தாலும், சில நாட்களிலேயே வெந்துபோகும்.

தோளைப் போலவே கருதத்தக்கது மூச்சுக்குழல். குதிரை வாயால் சுவாசிக்க இயலாத பிராணி. அதன் சுவாசம் முழுவதும் நாசி வழியாகவே நடைபெறுவது. நாசியில் புகுந்த காற்று, கழுத்தின் அடிப்புறத்தில், கைவைத்தால் தட்டுப்படும்படி தோலுக்கு மிக அணித்தாகச் செல்லும் குழலின் வழியாக மார்புக்குள் இறங்குகிறது. அந்தக் குழல் மார்புக்குள் புகும் வாயிலில் ஒரு வார் ஏறி அழுத்துமானால், குதிரை எத்தனை வலிமையுள்ளதாயினும், எத்தனை கொள்ளு தின்றதாயினும், மேட்டில் நின்றுவிடும். சவுக்கைக் கண்டு மறுபடி முயலும். மறுபடி மூச்சு முட்டி நிற்கும். சண்டிக் குதிரை என்று பெயர் வாங்கிய பல குதிரைகளின் சரித்திரம் இதுவே.

இந்த மூச்சுக்குழலைக் காப்பாற்றிக்கொண்டு தோளின் பலத்தை முழுவதும் வாங்குவது எப்படி என்பது மனிதகுலம் நெடுங்காலம் ஆராய்ந்த விஷயம். பிரான்ஸ் தேசத்துக் குதிரைப்படை அதிகாரியான லெஃபெவ்ர் தெ நோயெத் என்பவர், புராதன சிற்பங்களையும் சித்திரங்களையும் பார்த்து அக்காலத்துச் சேணம் போன்ற ஒன்றைச் செய்வித்து, 1910-ஆம் ஆண்டில் பாரிசில் குதிரைகளுக்குப் பூட்டிப் பரிசோதித்து, பழங்காலத்துக் கழுத்துவார் மூச்சை நெரித்ததனால்தான் அந்நாளையக் குதிரைகள் சிறு பாரமே இழுத்தன என்ற முடிவுக்கு வந்தார். 1931-இல் அதை ஒரு பெரிய நூலாகவும் வெளியிட்டார். பின்னர் அதே தேசத்தவரான ழான் ஸ்ப்ரூய்த் பழங்காலச் சேணத்தை இன்னும் செம்மையாக அமைத்துப் பரிசோதித்து, முன்னவர் வார்களை அவற்றுக்குரிய இடத்தில் வைக்கவில்லை என்றும், உரிய இடத்தில் வைத்தால் அச்சேணம் மூச்சை நெரிப்பதில்லை என்றும் 1977-இல் வெளியான தம் நூலில் நிறுவினார். இவ்விருவரின் வாதத்திலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: சேணத்தின் ஜாதி எதுவாயினும், அது உடலில் அமையும் இடம் சில அங்குலம் மாறினால், வலிமையுள்ள குதிரையும் வலிமையற்றதாகிவிடுகிறது. சீன தேசத்தில் முன்னரே வழக்கிலிருந்த மார்ப்பட்டையும், பிற்பாடு ஐரோப்பாவின் வயல்களில் உழவுக்குப் பயன்பட்ட காலர் என்னும் திண்டு வைத்த கழுத்து வளையமும் புகழ்பெற்றது, மூச்சுக்குழலை விட்டுத் தோளைப் பற்றிக்கொண்ட ஒரே காரணத்தால்தான்.

அளவென்பது நம் நாட்டுக்குப் புதிதும் அன்று. கௌடில்யருடைய அர்த்தசாஸ்திரத்தில் அசுவாத்யட்சகன் என்னும் குதிரைக் கண்காணிப்பாளனுடைய கடமைகளைக் கூறும் பகுதி, உத்தமக் குதிரைக்கு முகம் 32 விரற்கடை என்றும், உடல் நீளம் அம்முகத்தைப்போல் 5 மடங்கு என்றும், கணைக்கால் 20 விரற்கடை என்றும், உயரம் அதைப்போல் 4 மடங்கு என்றும் பிரமாணம் வகுக்கிறது. தஞ்சை சரசுவதி மகாலில் பாதுகாக்கப்பட்டு, 1952-இல் வண்ணப் படங்களோடு அச்சேறிய நகுலரின் அசுவசாஸ்திரமும், குதிரையை அங்கம் அங்கமாகப் பார்த்துக் குணதோஷம் அறியும் மரபிலே தோன்றியதே. குதிரையின் தரத்தை மதிப்பதற்கு இவ்வளவு நுணுக்கமாக அளந்த நாட்டில், அதன் புண்ணைத் தடுப்பதற்கு ஒரு நாடாவை எடுக்கத் தயங்குவது தகுமா?

இனி அளவெடுக்கும் முறைக்கு வருகிறேன். குதிரை ஓய்ந்திருக்கும் காலை வேளையில், சேணம் எதுவும் இல்லாமல், நான்கு கால்களும் சமமாக ஊன்றும்படி சமதரையில் நிறுத்துங்கள். தெரிந்த ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ளட்டும். வண்டியில் ஓடும்போது தலை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்திலேயே இருக்கவேண்டும். தலையைத் தாழ்த்தித் தீனி தின்னும்போது எடுத்த கழுத்தளவும், மிரண்டு தலை தூக்கியபோது எடுத்த கழுத்தளவும் ஒன்றுக்கொன்று வேறுபடுமாதலால், இந்த ஒரு விஷயத்தில் பொறுமை மிக அவசியம். தையற்காரர் வைத்திருக்கும் துணிநாடா ஒன்றும், கீழே சொல்லும் மர அளவுகோல் ஒன்றும், ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் போதும்.

காலர் போட்டு ஓட்டுகிறவர்கள் முதலில் கழுத்தின் நீளத்தை அளக்கவேண்டும். பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டுக்குச் சற்று முன்னால், கழுத்தின் உச்சியில் ஓர் இடத்தையும், கழுத்தின் அடிப்புறத்தில் மூச்சுக்குழல் மார்புக்குள் புகும் இடத்தையும் விரலால் தொட்டுக் கண்டுகொள்ளுங்கள். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள நேர்க்கோட்டு தூரமே வேண்டிய அளவு. நாடாவைக் கழுத்தின் பக்கவாட்டில் வளைத்துப் போட்டால், சதையின் புடைப்பும் சேர்ந்து, உண்மையைவிடக் கூடுதலான எண் கிடைக்கும். அந்த எண்ணுக்குத் தைத்த காலர் பெரிதாகத்தான் இருக்கும். ஆகவே, அங்குலக் குறியிட்ட ஒரு நேரான கோலில், ஒன்று நிலையாகவும் மற்றொன்று நகரக்கூடியதாகவும் இரு குறுக்குச் சட்டங்களைப் பொருத்தி, கோலைத் தோளின் சரிவையொட்டிப் பிடித்து, மேற்சட்டம் கழுத்துச்சியிலும் கீழ்ச்சட்டம் கழுத்தடியிலும் படும்படி நகர்த்தி, இடைப்பட்ட எண்ணைப் படித்துக்கொள்ளுங்கள். எந்தத் தச்சரும் இத்தகைய அளவுகோலை ஒரு பொழுதில் செய்து தந்துவிடுவார். கிடைத்த எண்ணோடு, தட்டையாக நீட்டிய ஒரு கை நுழையும் இடைவெளியைச் சேர்த்தால் காலரின் உள்நீளம் வரும். பின்பு அதே கோலைக் குறுக்காகப் பிடித்து, காலர் அமையும் கோட்டில் கழுத்து எங்கே மிக அகன்றிருக்கிறதோ அங்கே அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கழுத்தின் வடிவத்தையும் இரண்டு சொற்களில் எழுதிவைப்பது நலம்; ஏனெனில், ஆண்குதிரைகளுக்கு உச்சிப்பக்கம் சதைப்பற்று மிகுந்திருக்கும்; பெட்டைக் குதிரைகளுக்குப் பெரும்பாலும் மேல்நோக்கி மெலிந்து செல்லும்; ஒரே நீளமும் ஒரே அகலமும் உள்ள இரண்டு கழுத்துக்கு ஒரே காலர் பொருந்தாமல் போவது இதனாலேதான்.

தைத்து வந்த காலரைப் பூட்டிப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. குதிரையின் தலை கண்களுக்கு நேரே மிக அகன்றிருப்பதாலும், காலர் அடிப்பக்கத்தில் மிக அகன்றிருப்பதாலும், அதைத் தலைகீழாகப் பிடித்துத் தலையில் நுழைத்து, கழுத்து மெலிந்திருக்கும் இடத்தில், பிடரிமயிர் விழும் பக்கமாகத் திருப்பி, பின்பு தோளுக்கு இறக்கவேண்டும். இறக்கியபின், கழுத்தடியில் காலருக்கும் மூச்சுக்குழலுக்கும் நடுவே உள்ளங்கை தட்டையாக நுழையவேண்டும். பக்கங்களில் விரல்நுனிகள் தாராளமாக நுழையவேண்டும், முழுக்கை நுழையலாகாது. உச்சியில் காலர் கழுத்தைக் கிள்ளாமல் இருக்கவேண்டும். இந்த மூன்றையும் நிற்கும்போது ஒருமுறையும், வண்டியில் பூட்டி ஓரிரு அடி இழுக்கச் செய்து, வார்கள் விறைத்து நிற்கும்போது மறுமுறையும் பாருங்கள். நிற்கும்போது சரியாகத் தோன்றிய காலர், இழுக்கும்போது பின்னுக்குப் போய் மூச்சுக்குழலைத் தொடுவதுண்டு.

சிறிய காலர் குதிரையைத் திணறச் செய்யும் என்பதை எல்லோரும் அறிவர். பெரிய காலர் அதைவிடத் தீங்கானது என்பதை அறிந்தவர் சிலரே. பெரிதாக இருந்தால் உள்ளே ஒரு கந்தலை மடித்து வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் நம்மிடையே வெகுவாகப் பரவியிருக்கிறது. பெரிய காலர் ஒவ்வோர் அடியிலும் இடமும் வலமுமாக உருண்டு தோலைத் தேய்க்கும். அன்றியும் அது தாழ்ந்து தொங்குவதால், இழுப்பு வார் பிறக்கும் இடமும் தாழ்ந்து, தோளின் அகன்ற தசைமேல் விழவேண்டிய பாரம், கீழே தோள்முனை எலும்பின்மேல் விழுந்துவிடும். காலரின் பக்கக் கட்டைகளில் இழுப்பு வார் கோக்கப்படும் இடம், காலரின் அடியிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், தோள்முனைக்கு மேலாக இருப்பதே முறை. அங்கிருந்து வண்டிவரை செல்லும் வார், தோளின் சரிவுக்குச் செங்குத்தாக அமைந்தால், காலர் மேலும் ஏறாது, கீழும் இறங்காது, தன்னிடத்திலேயே நின்று பாரத்தை ஏற்கும்.

மார்ப்பட்டை போட்டு ஓட்டுகிறவர்கள் உங்களில் பலர். குறைந்த பாரத்துக்கும் சமமான சாலைக்கும் அது ஏற்றதே. விலையும் குறைவு, பல குதிரைகளுக்குக் கூட்டிக் குறைத்துக் கட்டிக்கொள்ளவும் முடியும். ஆனால் அந்தச் சௌகரியமே அதன் அபாயமுமாகும். பட்டை தோள்முனைக்கு மேலும், மூச்சுக்குழல் மார்புக்குள் புகும் இடத்துக்குக் கீழும் உள்ள குறுகிய இடைவெளியில் அமையவேண்டும். ஏறினால் மூச்சு முட்டும், இறங்கினால் முன்னங்காலின் வீச்சு தடைப்படும். எனவே மார்பின் அகலத்தை நாடாவால் அளப்பதோடு நில்லாமல், கழுத்தின் மேலாகச் சென்று அப்பட்டையைத் தாங்கும் வாரின் நீளத்தையும் அளந்து, நடுத்துளையில் பக்கிள் விழும்படி தைக்கச் சொல்லுங்கள். மேலும் கீழும் இரண்டிரண்டு துளைகள் மிஞ்சியிருந்தால், உடல் பெருத்தாலும் மெலிந்தாலும் சரிசெய்துகொள்ளலாம். இழுப்பு வார்களை வண்டியின் அசையாத கட்டையில் முடிந்துவிட்டால், தோள் மாறி மாறி முன்செல்லும்போதெல்லாம் பட்டை மார்பின் குறுக்கே அறுத்துக்கொண்டே இருக்கும்; நடுவில் ஆணி வைத்துச் சுழலும் குறுக்குக்கட்டையில் முடிந்தால், தோளோடு சேர்ந்து கட்டையும் அசைந்து கொடுக்கும். இந்தச் சிறு திருத்தம் ஒன்றினால் பல மார்புப் புண்கள் ஆறியதை நான் கண்டிருக்கிறேன்.

இருசக்கர வண்டியாகிய நம் ஜட்காவுக்கு முதுகுத் திண்டு மிக முக்கியமான உறுப்பு. ஏர்க்கால்களின் பாரத்தை அதுவே தாங்குகிறது. முதுகெலும்பின் இருபுறமுமுள்ள சதையின்மேல் திண்டு படியவேண்டும். எலும்பின் நேர்மேலே, முன்னிருந்து குனிந்து பார்த்தால் வெளிச்சம் தெரியும்படி ஓர் இடைவெளி இருக்கவேண்டும். அதற்கு அளவு, முதுகை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நாடாவால் சுற்றி எடுப்பதும், முன்னங்காலின் முழங்கைக்கு ஒரு கையகலம் பின்னால் மார்புச் சுற்றளவை எடுப்பதும் ஆகும். மெலிந்த ஈயக்கம்பியையோ வளையும் கம்பியையோ முதுகின்மேல் வைத்து அழுத்தி, அவ்வளைவைத் தாளில் வரைந்து சேணக்காரரிடம் கொடுத்தால், கூர்முதுகுக்குத் தட்டைத்திண்டு வந்து சேரும் தொல்லை இராது.

எத்தனை நன்றாகத் தைத்த திண்டையும் வீணாக்கிவிடுவது வண்டியின் முன்பாரமும் பின்பாரமும். முன்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் முதுகை நசுக்கும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும்பி, வயிற்றுவார் அடிவயிற்றில் ஏறி, குதிரையின் கால் தரையில் ஊன்றாமல் போகும். ஜனங்களை முன்னே நகர்ந்து உட்காரச் சொல்லுகிற உங்கள் பழைய வழக்கம் வெறும் வழக்கமன்று. அது முழு விஞ்ஞானம். சுமைவிலங்குகளைப் பற்றி 1965-இல் ஏற்பட்ட மத்திய அரசின் விதிகள், ஓட்டுபவரையும் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் நீக்கி 4 பேருக்கு மேல் ஏற்றலாகாது என்றும், ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலும், இடையில் ஓய்வின்றி 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது என்றும், 37 பாகை வெப்பத்துக்கு மேற்பட்ட நாளில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டலாகாது என்றும் வரையறுத்திருக்கின்றன. இந்த வரம்புக்கு உட்பட்ட பாரத்துக்கே, இங்கே சொல்லும் அளவுகள் பயன் தரும்.

பின்னுறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டியை நிறுத்தும்போதும் சரிவில் இறங்கும்போதும் பாரத்தைத் தாங்கும் பின்பட்டை, வாலடிக்கும் பின்தொடை வளைவுக்கும் இடைநடுவில் கிடையாக அமைந்து, நடக்கும்போது ஒரு கையகலம் தளர்வாக நிற்கவேண்டும். வாலடியில் செல்லும் வார் உருண்டையாகவும் மிருதுவாகவும் இருக்கவேண்டும். முதுகின்மேல் அதன் அடியில் இரண்டு விரல் நுழையவேண்டும். மாட்டும்போது வாலின் மயிர் ஒன்றுகூட அதற்குள் சிக்கலாகாது.

தலைக்குரிய அளவுகளில் கருணையோடு கூடிய கவனம் வேண்டும். வாயின் ஒரு மூலையிலிருந்து உச்சி வழியாக மறு மூலை வரை ஓர் அளவு. ஒரு காதடியிலிருந்து நெற்றி வழியாக மறு காதடி வரை ஓர் அளவு. தொண்டையைச் சுற்றி ஓர் அளவு. தொண்டைவாரைப் பூட்டினால் அதனுள் நான்கு விரல் நிமிர்ந்து நிற்கவேண்டும். கண்மறைப்புத் தோலின் நடுவே கண் அமையவேண்டும். இமைமயிர் அதில் உரசலாகாது. கடிவாள இரும்புக்கு அளவு எடுக்க, ஒரு நூலில் முடிச்சிட்டு வாய்க்குள் குறுக்காக வைத்து, மறுபுறம் உதட்டோரத்தில் இன்னொரு முடிச்சிடுங்கள். அதைவிட இருபுறமும் கால் அங்குலம் கூடுதலாக இருந்தால் போதும். குறுகிய கடிவாளம் உதட்டைக் கிள்ளும். நீண்டது இடமும் வலமும் இழுபட்டு வாயோரத்தைத் தேய்க்கும்.

முள் வைத்த கடிவாளத்தைப் பற்றி மட்டும் சிறிது கடுமையாகவே சொல்ல எனக்கு அனுமதி கொடுங்கள். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள், வாய்பேசாப் பிராணிகளுக்காக ஒரு தனிநபர் மசோதாவைக் கொணர்ந்து வாதாடியதன் பயனாகவே 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது; அதன்கீழ் 1962-இல் அமைந்த பிராணிநல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவரானார். நான் மேலே குறித்த 1965-ஆம் ஆண்டின் விதிகளும் அச்சட்டத்திலிருந்து தோன்றியவையே. முள்ளும் குமிழும் கூரிய நீட்சியும் உள்ள கடிவாளத்தையும் சேணத்தையும் அவை திட்டமாக விலக்கியிருக்கின்றன. குதிரை கைக்கு அடங்கவில்லை என்பதற்காக முள்ளை நாடுகிறவர்கள், முதலில் கடிவாளத்தின் அளவைச் சோதித்துப் பார்க்கட்டும். வாய் நோவினாலேயே தலையை உதறி, லகானுக்கு வசப்படாமல் ஓடிய குதிரைகள், அளவான வழவழப்பான இரும்பு போட்டபின் அடங்கிப்போயின.

அளவெடுத்துத் தைத்த சேணமும் என்றென்றைக்கும் அளவாக இருப்பதில்லை. தைப்பூசம், பங்குனி உத்திரம் முதலிய விழாக்காலங்களில் வேலை மிகுந்து குதிரை மெலியும், கழுத்தும் தோளும் ஒடுங்கும், காலர் பெரிதாகிவிடும். மழைக்காலத்தில் சவாரி குறைந்து, பசும்புல் மிகுந்து, உடல் பெருக்கும். அதே காலர் சிறிதாகிவிடும். ஆகையால் பருவம் மாறுந்தோறும் ஒருமுறை கோலை எடுத்து அளந்து பாருங்கள். அன்றாடச் சோதனைக்கு வியர்வையே சிறந்த சாட்சி: வேலை முடிந்து சேணத்தைக் கழற்றியவுடன், காலரும் திண்டும் இருந்த இடத்தில் வியர்வை ஒரே சீராகப் படிந்திருந்தால் பாரம் சீராக விழுகிறது, நனைந்த இடத்தின் நடுவே உலர்ந்த திட்டு ஒன்று தெரிந்தால், அங்கே அழுத்தம் மிகுந்திருக்கிறது என்று ஐயுற்று, விரலால் தொட்டு, குதிரை சிலிர்க்கிறதா என்று பாருங்கள். தோளிலோ முதுகிலோ நிறம் மாறி வெள்ளை மயிர் முளைத்திருப்பது, அவ்விடத்தில் முன்னொரு காலத்துச் சேணம் மயிரின் நிறத்தையே அழித்துவிட்டது என்பதற்கு அழியாத அத்தாட்சி. அத்தகைய குதிரையை வாங்குகிறவர்கள், அந்த வெள்ளைத் திட்டுகளையும் அளவுத் தாளில் வரைந்துகொண்டு, புதிய சேணத்தின் தையலோ பக்கிளோ அங்கே விழாதபடி செய்யவேண்டும்.

தோலைப் பேணுவதும் அளவைப் பேணுவதேயாகும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட நம் நாட்டுத் தோல் சேணத்துக்கு மிக உகந்தது. ஆனால் வியர்வையின் உப்பு ஊறி உலர்ந்த தோல், எத்தனை உயர்ந்ததாயினும், விறைத்துச் சுருங்கி, அளந்து தைத்த அளவை இழந்துவிடும். தினந்தோறும் ஈரத் துணியால் உப்பைத் துடைத்து, நிழலில் உலர்த்தி, அவ்வப்போது சிறிது எண்ணெய் பூசி வந்தால் அது வளைந்து கொடுக்கும் தன்மையோடு நெடுநாள் உழைக்கும்.

சேணம் தைக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கைத்திறனில் எனக்குள்ள மதிப்பு பெரிது. ஊசியும் மெழுகுநூலும் கொண்டு நீங்கள் இடும் தையல், இயந்திரத் தையல் அறுந்த பின்னும் நிற்கும் என்பதை அறிவேன். அத்தகைய வேலைப்பாடு தவறான உடலில் போய்ச் சேருவது உங்கள் தொழிலுக்கே அவமதிப்பு அல்லவா? ஆகவே, குதிரை எது என்று கேளாமல், அளவுத் தாள் இல்லாமல், காலருக்கு வார் அறுக்காதீர்கள். பிறர் காலுக்குத் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு பழனிமலைப் படியேறும்படி எவரையும் நாம் சொல்லமாட்டோம். குதிரைக்கும் அந்த நியாயம் உரியதே.

இறுதியாக உங்கள் அனைவரிடமும் நான் வேண்டுவது இதுதான். ஒவ்வொரு வண்டி நிலையத்திலும் அந்த மர அளவுகோல் ஒன்று பொதுவில் இருக்கட்டும். குதிரை ஒன்றுக்கு ஒரு தாளாக, கழுத்து நீளம், கழுத்து அகலம், மார்பு அகலம், மார்புச் சுற்றளவு, முதுகு வளைவு, தலையளவு, வாயகலம் ஆகிய ஏழையும், அளந்த தேதியையும் எழுதி ஒரு நோட்டுப் புத்தகத்தில் தைத்து வையுங்கள். குதிரையை விற்கும்போது அத்தாளையும் கூடவே கொடுத்துவிடுங்கள். பொருந்தாத சேணத்தை அதன் தலையில் கட்டி அனுப்பாதீர்கள். உங்களுள் மூத்தவர் ஒருவர், தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞருக்குச் சவுக்கைக் கையில் கொடுப்பதற்கு முன் நாடாவைக் கொடுத்து அளக்கக் கற்பிக்கட்டும். புண்பட்ட தோளோடு குதிரை லாயத்தில் நிற்கும் நாட்களின் கூலி நஷ்டத்தையும் மருந்துச் செலவையும் கூட்டிப் பார்த்தால், அளவெடுத்து ஒரு சேணம் தைப்பதற்கு ஆகும் பணம் அதனினும் குறைவே என்பதை நீங்களே காண்பீர்கள். அடுத்த தைப்பூசத்துக் கூட்டம் வருவதற்கு முன்னமே இந்த வேலையைத் தொடங்கிவிட்டால், அந்த மாதத்தின் மிகுந்த உழைப்பை உங்கள் குதிரைகள் முழுத்தோளோடு தாங்கும். விழா முடிந்த பின்னும் உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுக்கும்.

இங்ஙனம்,
உங்கள் தொழிலின் நலத்தையும் உங்கள் குதிரைகளின் நலத்தையும் ஒன்றாகவே கருதும்
ஓர் அன்பன்